பேனலை மாற்றினால் போதுமா?
பழைய ஃபயர் அலாரம்: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

எங்களுடையது நான்கு மாடி ஜவுளிக்கடை. 14 வருடங்களுக்கு முன் போட்ட 8 ஸோன் கன்வென்ஷனல் பேனல் (எந்தப் பகுதியில் அலாரம் என்று மட்டும் காட்டுவது). உதிரி போர்டு இனி வராது என்கிறார்கள். ஒருவர் ஒயரிங் உட்பட எல்லாவற்றையும் மாற்றி அட்ரஸபிள் (ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகக் காட்டும் வகை) போடச் சொல்கிறார். இன்னொருவர் பேனலை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– கடை மேலாளர், ஈரோடு

இருவரும் உங்கள் கேபிளை அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒயரிங்கை வைத்துக்கொள்வதா, பிடுங்குவதா என்பதை மெக்கர்தான் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) சொல்ல வேண்டும்.

சோதிக்கும் முறை இது. பேனலிலிருந்து ஸோன் ஒயர்களைக் கழற்றுங்கள். எல்லா டிடெக்டர்களையும் பேஸிலிருந்து எடுத்துவிட்டு, பேஸில் வந்து போகும் ஒயர்களை நேராக இணைத்துவிடுங்கள். லைனின் கடைசியில் உள்ள ரெசிஸ்டரையும் எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் 500 வோல்ட் மெக்கர். டிடெக்டரோ பேனலோ மாட்டியிருக்கும்போது மெக்கரைச் சுற்றினால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் அதோடு போயிற்று. ஒயருக்கும் ஒயருக்கும், ஒயருக்கும் எர்த்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 2 மெகாஓமுக்குக் கீழே காட்டும் துண்டை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். அடுத்து, கடைசி முனையில் இரண்டு ஒயரையும் ஷார்ட் செய்து பேனல் முனையில் ரெசிஸ்டன்ஸை அளக்க வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, போக வர இரண்டு கோரும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 24 ஓம் அளவில் வரும். உங்கள் லைன் 300 மீட்டர் என்றால் 7, 8 ஓம் காட்ட வேண்டும். 30 காட்டினால் எங்கோ முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ஏறித் தேட வேண்டியதுதான்.

கேபிள் தேறினாலும், அட்ரஸபிளுக்கு மாறுவதென்றால் வேலை முடியவில்லை. கன்வென்ஷனல் லைன் பேனலில் தொடங்கி ரெசிஸ்டரில் முடிந்துவிடும். அட்ரஸபிள் லூப் பேனலில் கிளம்பி பேனலுக்கே திரும்ப வேண்டும். ஆகவே திரும்பி வரும் கேபிள் புதிதாகத்தான் இழுக்கப்படும். அதை வேறு வழியில் கொண்டுவரச் சொல்லுங்கள். போவதும் வருவதும் ஒரே ஷாஃப்ட்டில் இருந்தால், அங்கே தீப்பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே கருகும். செலவை மிச்சப்படுத்த 4 கோர் கேபிள் ஒன்றையே இழுத்து "லூப் ஆயிற்று" என்பவர்களும் உண்டு. அது லூப் இல்லை. வழியில் யாரோ டி போட்டு இழுத்த கிளைகளும் இருக்கலாம். அவற்றை வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும்படி கோத்துவிடுங்கள்.

ஐசொலேட்டர் (ஷார்ட் ஆன பகுதியை மட்டும் துண்டித்துவிடும் கருவி) இல்லாத லூப்பில் ஓரிடத்தில் ஷார்ட் ஆனால் முழு லூப்பும் படுத்துவிடும். மாடிக்கு மாடி எல்லையில் ஒன்று, நடுவிலும் 20 கருவிக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். லூப்புக்கு எத்தனை கருவி தாங்கும் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் 125 முதல் 250 வரை இருக்கும். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். அடுத்த தீபாவளிக்குள் நீங்களே இரண்டு தடுப்பு எழுப்பி நாலு டிடெக்டர் கூடுதலாகக் கேட்பீர்கள்.

பழைய டிடெக்டர்களை ஸோன் மாட்யூல் வழியாகப் புதிய பேனலில் கோக்க முடியும். ஆனால் மாடி முழுவதும் ஒரே அட்ரஸாகத்தான் தெரியும். 14 வயது டிடெக்டருக்கு அந்த மாட்யூல் செலவு வீண். எம்சிபி (தீயைப் பார்த்தவர் கையால் அழுத்தும் அலாரம் பெட்டி), ஹூட்டர் நல்ல நிலையில் இருந்தால் மாட்யூல் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

வேலை நடக்கும் வாரங்களில் கடை திறந்திருக்கும் அல்லவா? பழைய பேனலை முதல் நாளே கழற்ற விடாதீர்கள். பக்கத்தில் புதியதை நிறுத்தி, ஒரு மாடி முடிந்ததும் அதை மட்டும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். அதுவரை இரண்டும் ஒன்றையொன்று எழுப்ப வேண்டும். பழையதின் ஃபயர் ரிலேயை (அலாரம் வந்ததும் இயங்கும் ஸ்விட்ச்) புதியதின் இன்புட் மாட்யூலுக்குக் கொடுங்கள். புதியதின் ரிலேயைப் பழையதின் ஒரு காலி ஸோனில், எம்சிபிக்குள் இருப்பது போன்ற ரெசிஸ்டரோடு கொடுங்கள். பெரும்பாலும் 470 அல்லது 680 ஓம். ரெசிஸ்டர் இல்லாமல் கொடுத்தால் பல பேனல்கள் அதை ஷார்ட் ஃபால்ட் என்று மட்டும் காட்டும், மணி அடிக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழையது எழுப்பியதால் புதியதும், புதியது எழுப்பியதால் பழையதும் அலாரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றால் ரீசெட்டே ஆகாது. பழைய பேனலிலிருந்து வரும் இன்புட்டுக்கு மட்டும், பழையதை எழுப்பும் ரிலே இயங்காதபடி புதியதில் புரோகிராம் செய்ய வேண்டும். புதிய மாடியில் அலாரம் வந்தால் ரீசெட் வரிசை: முதலில் புதியது, பிறகு பழையது, மறுபடி புதியது.

விலைப்புள்ளியில் கையெழுத்திடும் முன் இதையும் எழுதி வாங்குங்கள்: புரோகிராம் ஃபைலின் நகல், பாஸ்வேர்டு, லூப் வரைபடம் மூன்றும் உங்கள் கையில் வர வேண்டும். அவை இல்லாவிட்டால் ஒரு டிடெக்டரின் பெயரை மாற்றக்கூட ஆயுளுக்கும் அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டும். பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: பேனல் திரையில் "லூப் 1, டிடெக்டர் 47" என்று வந்தால் இரவுக் காவலருக்கு என்ன புரியும்? "2-ஆம் மாடி, பட்டுப் பிரிவு, ட்ரையல் ரூம்" என்று வரட்டும்.

புதிய அட்ரஸபிள் சிஸ்டம் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, வாரத்துக்கு இரண்டு பொய் அலாரம். காவலர்கள் சைலன்ஸ் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.
– அலுவலக வளாகப் பராமரிப்பாளர், கோவை

பேனலின் ஈவென்ட் பதிவை எடுத்து, ஒரே அட்ரஸ் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த இடத்துக்குப் போய்த் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஏசி காற்று வரும் டிஃப்யூஸருக்கு ஒரு மீட்டருக்குள் டிடெக்டர் இருக்கும். அல்லது கீழே பேன்ட்ரியில் மைக்ரோவேவ் இருக்கும். முதலாவதை நகர்த்துங்கள். இரண்டாவதில் புகை டிடெக்டருக்குப் பதில் ஹீட் டிடெக்டர் போடுங்கள். மழை நாளில் மட்டும் எர்த் ஃபால்ட் (ஒயரிலிருந்து எர்த்துக்குக் கசிவு) சேர்ந்து வந்தால் ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர். பூச்சி டிடெக்டரின் சேம்பருக்குள் நுழைவதும் சகஜம்.

இன்டீரியர் வேலைக்குப் பிறகு வரும் பொய் அலாரத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஜிப்சம் தூசி. வேலை தொடங்கும்போது டிடெக்டர்களுக்கு மூடி மாட்டி, அன்று மாலையே எண்ணிக் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் மூடியோடு தொங்கும் டிடெக்டர்கள் எத்தனையோ!

சோதிக்க ஊதுபத்தி, சிகரெட் வேண்டாம். அந்தப் புகையின் பிசுக்கு உள்ளே ஒட்டி அடுத்த பொய் அலாரத்துக்கு வழி செய்யும். இதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைப் பயன்படுத்துங்கள்.

பேனல் பேட்டரி ஒன்றரை வருடத்தில் உப்பிவிடுகிறது. போன வாரம் மின்தடையில் சில மணி நேரத்தில் பேனல் அணைந்தும் போனது.
– லாட்ஜ் உரிமையாளர், மதுரை

இரண்டு தனிக் கோளாறுகள். உப்புவதற்குக் காரணம் சூடும் அதிக சார்ஜும். 12 வோல்ட் பேட்டரி இரண்டு தொடராக இருந்தால் ஃப்ளோட் வோல்டேஜ் (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் சார்ஜ் வோல்டேஜ்) 25 டிகிரியில் 27.3 அளவில் இருக்க வேண்டும். அறை 40 டிகிரி என்றால் 26.8 போதும். மல்ட்டிமீட்டரில் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே காற்றே இல்லாத அறையில் பேனல் இருந்தால், 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் அணைவதற்குக் காரணம் கணக்கு. உங்களுடையது அட்ரஸபிள் பேனல் என்றால், அது சும்மா இருக்கும்போதே பழைய வகையைவிட அதிக மின்சாரம் எடுக்கும். மின்தடையில் 24 மணி நேரம் தாங்கி, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்க வேண்டும். சும்மா 0.3 ஆம்பியர், அலாரத்தில் 2.4 ஆம்பியர் என்றால்: 24 மணி நேரத்துக்கு 7.2, அரை மணி நேரத்துக்கு 1.2, ஆக 8.4 ஏஎச் (ஆம்பியர்-மணி). பேட்டரி கிழடு தட்டுவதற்கு 1.25-ஆல் பெருக்கினால் 10.5. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 12 ஏஎச். உங்களுக்குப் பழைய 7 ஏஎச்-ஐயே மாட்டியிருப்பார்கள். மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக மாற்றி, மேலே தேதி எழுதுங்கள்.

கழற்றிய பழைய டிடெக்டர்களில் கதிரியக்கச் சின்னம் இருக்கிறது. காயலான் கடைக்குப் போடலாமா?
– ஆலை மேற்பார்வையாளர், சேலம்

கூடாது. அவை அயனியாக்க வகை. உள்ளே மிகச் சிறிய அளவில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 432 வருடம். உடைக்காதவரை பயப்பட ஒன்றுமில்லை. திறக்காமல், எண்ணி, மாடல், சீரியல் எண்களைப் பட்டியலிட்டுப் பெட்டியில் பூட்டி வையுங்கள். சப்ளை செய்தவர் அல்லது தயாரித்தவரிடம் திருப்பி அனுப்பி ரசீது வாங்க வேண்டும். அந்த நிறுவனமே இல்லை என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் பட்டியலோடு எழுதுங்கள்.

மூடிய அறைகளுக்குள் ஹூட்டர் கேட்கவில்லை. சத்தம் கூடிய ஹூட்டர் வாங்கலாமா?
– பயிற்சி மைய நிர்வாகி, திருச்சி

வேண்டாம். சாதாரணக் கதவு 20 டெசிபல், கனமான தீத்தடுப்புக் கதவு 30 டெசிபல் அளவுக்குச் சத்தத்தை விழுங்கும். வராந்தாவில் 90 அடித்தாலும் தீத்தடுப்புக் கதவுக்கு உள்ளே 60தான். தேவை 65, அல்லது அறையின் வழக்கமான இரைச்சலைவிட 5 அதிகம்; இரண்டில் எது கூடுதலோ அது. அறைக்குள்ளேயே சிறிய ஹூட்டர்களைப் பரவலாகப் போடுங்கள். கதவுகளை மூடி, ஏசியை ஓடவிட்டு அளக்கச் சொல்லுங்கள். அன்றே ஒரு டிடெக்டரில் அலாரம் கொடுத்து, காந்தப் பூட்டுக் கதவுகள் விடுகின்றனவா, லிஃப்ட் தரைத்தளத்துக்கு வருகிறதா, ஏஎச்யூ (ஏசி காற்றை அனுப்பும் இயந்திரம்) நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பேனல் மாற்றும்போது இந்த ரிலே ஒயர்களைத் திரும்ப மாட்ட மறந்துபோவது அடிக்கடி நடப்பது.