புள்ளி ஏன் ஏறவில்லை?

கேள்வி: தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு விண்வெளித் தரவுகளை அலசும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்துக்கு என் கணினியில் வேலை முடித்து அனுப்பியும், அதற்குத் தரும் புள்ளி ஏறவில்லை. எங்களை மதிக்கிறார்களா, இல்லையா?

பதில்: மதிக்கிறார்கள். 2010-இல் இத்திட்டம் ஒரு பல்சரை (வேகமாகச் சுழன்று துடிப்புகளாகக் கதிர்வீசும் விண்மீன் எச்சத்தை) கண்டுபிடித்தபோது, அந்தச் சமிக்ஞை சிக்கிய கணினிகளுக்கு உரியவர்களான அமெரிக்காவின் அயோவா தம்பதியையும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துக்காரரையும் பெயர் சொல்லியே உலகுக்கு அறிவித்தார்கள். எல்லாத் திட்டங்களும் இப்படி நடந்துகொள்ள வேண்டும்.

உங்கள் புள்ளி எங்கும் போகவில்லை. ஒரே வேலை இரண்டு கணினிகளுக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் புள்ளி. கூட்டாளிக் கணினி கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும், அதுவரை நிலுவைதான். கணக்குப் பக்கத்தில் அந்த வேலையைத் திறந்தால் கூட்டாளியின் நிலையும் கெடு தேதியும் தெரியும். ‘செல்லாது’ என்று அடிக்கடி வந்தால் மட்டும் கவலைப்படுங்கள்: ஓவர்கிளாக்கிங்கை (கணினியை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதை) நிறுத்தி, மின்விசிறித் தூசியைத் துடையுங்கள்.