அண்ணாவின் ஓட்டோவும் உப்புவெளி அனெக்ஸும்

கேள்வி: எனக்கு வயது 34, திருமணம் ஆகவில்லை. திருகோணமலை நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 82,000 ரூபாய். அண்ணா ஓட்டோ எடுப்பதற்காக என் சங்கிலியையும் காப்பையும் வங்கியில் 5 லட்சத்துக்கு ஈடு வைத்து முற்பணம் கொடுத்தேன். ஆண்டு வட்டி 13 வீதம். ஓட்டோவின் லீசிங் கடனுக்குப் பிணைக் கையெழுத்தும் நான்தான். மாதம் 23,000 தவணை. 48 மாதத்தில் 17 முடிந்துவிட்டது, பதினேழையும் நானே கட்டினேன். வீட்டுக்கு 25,000 கொடுக்கிறேன். எனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் போலிருக்கிறது. உப்புவெளியில் 20,000 வாடகைக்கு ஒரு அனெக்ஸ், அதாவது ஒரு வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, பார்த்து வைத்திருக்கிறேன். கிரிப்டோவில் போட்டால் மாதம் 10 வீதம் வரும், இரண்டு வருடத்தில் வேலையையே விட்டுவிடலாம் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள், ஆள் சேர்த்துவிட்டால் தனியாகப் போனஸாம். மிச்ச நகையையும் வைத்து 3 லட்சம் போடலாமா?

பதில்: போட வேண்டாம். மாதம் 10 வீதம் என்றால், வருவதைத் திருப்பித் திருப்பிப் போட்டால், ஒரு லட்சம் ஒரு வருடத்தில் மூன்று லட்சத்தைத் தாண்ட வேண்டும். அது உண்மையென்றால் அந்தத் திட்டத்தை நடத்துகிறவர் தன் வீட்டு நகையை 13 வீதத்துக்கு ஈடு வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாரே, உங்களை எதற்குத் தேடுகிறார்? ஆள் சேர்த்தால் போனஸ் என்றதுமே எனக்குப் பிரமிட் வாடை அடிக்கிறது, புதிதாகச் சேருகிறவர் காசை எடுத்து முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கிற திட்டம். பிரமிட் திட்டம் இலங்கையில் வங்கிச் சட்டப்படி குற்றம், நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, ஊக்குவித்து ஆள் பிடிக்கிறவருக்கும்தான். தோழியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, ஓட்டோவுக்கு வருவோம். 17 தவணை 3,91,000. நகை வட்டி மாதம் 5,400 சொச்சம், அதுவும் 17 மாதத்தில் 92,000 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 4,83,000 போயிருக்கிறது, ஆனால் 5 லட்சம் முதல் அப்படியே நிற்கிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் கூட்டிக் காட்டத் தேவையில்லை. அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு வவுச்சர் கொண்டு வந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பீர்கள், அண்ணாவின் அழைப்பு என்றால் மட்டும் அவர் பேசி முடிக்கும் முன்பே "சரி அண்ணா" வந்துவிடுகிறது. கெடுதல் அந்தச் சரியில்தான் இருக்கிறது.

அண்ணாவை நான் குற்றம் சொல்லவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை வெள்ளைக்காரர் வருகிற காலம், ஓட்டோவுக்கு ஓட்டம் இருக்கும். மாரி தொடங்கினால் படுத்துவிடும். ஆனால் லீசிங் கம்பனிக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். ஒரு வருடத் தவணை 2,76,000, அதை இந்த ஐந்து மாத ஓட்டத்தில் பிரித்தால் மாதம் 55,200 ஒதுக்க வேண்டும். அதை அவர் ஒதுக்கவில்லை, அவருக்கு மாரிகாலச் சேமிப்பே நீங்கள்தான். சரி, மாரியில் கட்டினீர்கள், மே மாதத்தில் ஏன் கட்டினீர்கள்?

திடீரென்று நிறுத்தவும் முடியாது. நீங்கள் பிணையாளர், தவணை தவறினால் உங்களிடம்தான் வருவார்கள், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் (CRIB) அறிக்கையிலும் ஏறும், நாளைக்கு ஒரு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் நிற்கும். ஆகவே இந்த மாரி முடியும் வரை பாதி, 11,500, அதுவும் அண்ணா கையில் வேண்டாம், நேரே லீசிங் கணக்குக்கு. மே மாதத்திலிருந்து முழுத் தவணையும் அவருடையது. கட்ட முடியவில்லை என்றால் ஓட்டோவை விற்று லீசிங்கைத் தீர்க்கட்டும், கம்பனி வந்து தூக்குவதைவிட அது எவ்வளவோ மேல். இதை அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒரு தடவை சொல்லுங்கள். "அவனுக்குப் பிள்ளை குட்டி இருக்கு, உனக்கு என்ன செலவு?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் இந்த வசனம் இல்லாத கடிதத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, அதற்குப் பதில் சொல்லி வெல்லவும் முடியாது, விட்டுவிடுங்கள். இனி யார் என்ன கேட்டாலும் பதில் அடுத்த மாதம் பத்தாம் திகதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விகள் பத்தாம் திகதிக்கு முன்பே தாமாகத் தீர்ந்துவிடும். அப்புறம், பத்து வருடம் பங்களித்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ எடுக்கலாம் என்பதை வீட்டில் யாருக்கும் நீங்களாகச் சொல்லாதீர்கள்.

அனெக்ஸுக்கு வருகிறேன். வேறு யாராவது கேட்டிருந்தால் முதலில் நகையை மீட்டுவிட்டுப் போங்கள் என்றிருப்பேன். உங்களை இப்போதே போகச் சொல்கிறேன், அந்த வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டு "இல்லை" என்று சொல்ல உங்களால் முடியாது. மே மாதத்திலிருந்து பாருங்கள்: வாடகை 20,000, வீட்டுக்கு 15,000 (நீங்கள் அங்கே சாப்பிடப் போவதில்லையே), உங்கள் சாப்பாடு, பஸ், போன் எல்லாம் 20,000. மிச்சம் 27,000, அத்தனையும் நகைக்கு. வட்டி மட்டும் கட்டிப் புதுப்பிக்கும் பழக்கத்தை விட்டு, முதலையும் பகுதி பகுதியாகக் கட்ட உங்கள் வங்கி விடுகிறதா என்று கேளுங்கள். விட்டால் 21 மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும். மாரி முடியும்வரை கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

வேலையை விடுவதைப் பற்றி அதன் பிறகு எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தை உங்கள் பெயரில் மட்டும் போடுங்கள். மாற்றுச் சாவி ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வைக்கலாம், அண்ணாவிடம் வேண்டாம்.