திருவிருந்துக்கு எழுந்து போகாத தம்பிக்கு

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. உபவாசம் இருந்து ஜெபித்தும் மாறவில்லை. ‘அபாத்திரமாய்’, அதாவது தகுதியில்லாமல், எடுத்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்ற பயத்தில் இரண்டு வருடமாகத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுப்பதில்லை. எல்லோரும் எழுந்து போகும்போது நான் வாசித்துக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். விசுவாசம், இந்த ஈர்ப்பு, இரண்டில் எதை நான் விடுவது?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, கீபோர்டைப் பற்றி எழுதிய வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது. முப்பது வருடம் ஆயராக இருந்தேன். வாசிக்கிற பையன் எப்போது வந்து அப்பத்தை வாங்குகிறான் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

உங்களைப் பயமுறுத்தும் அந்த வசனம் 1 கொரிந்தியர் 11-இல் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் மேலே படியுங்கள். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ‘ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்’ என்கிறார் பவுல். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். பந்தியில் அடுத்தவனைப் பட்டினி போட்டவனுக்குச் சொன்னதைக் கேட்டு, பட்டினி கிடப்பவர் நீங்கள்.

அப்புறம் 1 கொரிந்தியர் 6:9, தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்று இருக்கிறதே, அதற்குக் கிரேக்கத்தில் ‘மலகோய்’. நேர்ப்பொருள் மென்மையானவர்கள். மத்தேயு 11:8-இல் ‘மெல்லிய வஸ்திரம்’ என்று வருவதும் இதே சொல்தான். ஆங்கிலத்தில் இந்த வசனத்துக்குள் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல் நுழைந்ததே 1946-இல். ஆணோடு ஆண் கொள்ளும் இச்சையைச் சாடும் ரோமர் முதல் அதிகாரத்தை இவ்வளவு சுலபமாகக் கடக்க முடியாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பவுல் சாடுவது விக்கிரக வழிபாட்டோடு கலந்த இச்சையையா, உங்களைப் போன்றவர்களையுமா என்பதில் படித்தவர்களே பிரிந்து நிற்கிறார்கள். நான் முதல் பக்கம். உங்கள் ஆயர் மறு பக்கமாக இருக்கலாம்.

நானும் அந்தப் பக்கம் இருந்தவன்தான். இதே காரணத்துக்காக ஒரு பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். தலையில் கை வைத்து, சத்தம் போட்டு, பிசாசைத் துரத்தினேன். அவன் அழுதான். விடுதலை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ‘தேங்க்ஸ் ஐயா’ என்று மரியாதையாகச் சொன்னான். அதற்கப்புறம் சபைக்கு வரவே இல்லை. எந்த ஜெபமும் எனக்கு இப்படித் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவதில்லை. இந்த ஈர்ப்பை மாற்றுவதையே முழுநேர ஊழியமாகச் செய்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பு 37 வருடம் நடந்து, 2013-இல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூடப்பட்டது. ஆகவே உங்கள் உபவாசத்தில் குறை தேடாதீர்கள்.

கல்யாணம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஒரு பெண்ணை மருந்தாக்கக் கூடாது. இப்போதைக்கு ‘வேண்டாம்’ என்பது போதும். காரணத்தை வீட்டில் எப்போது சொல்வது, சொல்வதா என்பதெல்லாம் சொந்தக் காலில் நின்ற பிறகு. துணையோடு வாழ்வதா, தனியாக இருப்பதா என்பதையும் இன்றே தீர்மானிக்க வேண்டியதில்லை. இரண்டு விதமாகவும் வாழ்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள்.

எதை விடுவது என்று கேட்டீர்கள். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி வருகிறாரே, மூலத்தில் அவர் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர். தமிழில் ‘மந்திரி’ என்று போட்டதால் எத்தனை தடவை பிரசங்கித்தும் இது என் கண்ணில் படவில்லை. (செமினரியில் படித்த கிரேக்கம் அவ்வளவுதான்.) உபாகமம் 23:1-இன்படி அவர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாதவர். அவர்தான் ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன’ என்று கேட்டார். முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை என்றான் அவருக்கு வேதத்தை விளக்கிய பிலிப்பு. அவரிடம் வேறு எதையும் விடச் சொல்லவில்லை.

அடுத்த திருவிருந்து அன்று, பாட்டு முடிந்ததும் கீபோர்டை நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். நீங்கள் திரும்பி வரும்வரை சபை வாத்தியம் இல்லாமல் பாடட்டும். சுருதி விலகும், பரவாயில்லை.