ஈர்க்கில் கட்டிய கடல்

அன்புள்ள ஐயா,
மேற்குப் பசிபிக் கடலின் தீவுப் பகுதியான மைக்ரோனீசியாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். பொட்டுப்பொட்டாகச் சிதறிக் கிடக்கும் இந்தத் தீவுகளில், வெளித்தொடர்பே இல்லாமல் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? கடல்மட்டம் உயர்ந்தால் இவை என்னவாகும்? எந்த நூல்களைப் படிக்கலாம்?
ஒரு கல்லூரி மாணவன்

அன்புள்ள தம்பி,

கடல்மட்டம் பற்றி நாளிதழ்களிலேயே நிறைய வருகிறது, அதைப் படியுங்கள். 'சிதறி', 'தொடர்பே இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில், மைக்ரோனீசியாவைச் சேர்ந்த மார்ஷல் தீவுகளின் கடல் வரைபடத்தைப் பார்த்தேன். தென்னை ஈர்க்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆங்காங்கே சிறு சிப்பிகள். பிய்ந்துபோன முறம் என்று நினைத்துக் கடந்துவிட்டு, குறிப்பை வாசித்தபின் வெட்கத்தோடு திரும்பி வந்தேன். சிப்பிதான் தீவு. வளைந்த ஈர்க்கு, தீவில் பட்டு வளையும் அலை. இரண்டு திசை அலைகள் குறுக்கிடும் இடத்தில் படகு ஒரு தனிவிதமாகக் குலுங்கும். அந்தக் குலுக்கலை அறிந்தவனுக்குக் கண்ணுக்கு எட்டாத கரையும் எந்தப் பக்கம் என்று தெரியும். இதைக் கடலுக்கு எடுத்துச் செல்ல மாட்டார்கள். கரையிலேயே மனத்தில் ஏற்றிக்கொண்டு, படகில் படுத்து உடம்பால் அலையைப் படிப்பார்கள்.

அதே மைக்ரோனீசியாவில் உள்ள சாத்தவால் தீவின் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே பிறந்த கடலோடி மாவ் பியாய்லுக்கைக் குழந்தையிலேயே பாட்டனார் கரையோரக் கடல்நீர்க் குட்டைகளில் உட்கார வைத்தாராம், நீரின் அசைவு உடம்பில் பதியட்டும் என்று. அந்தக் குழந்தைதான் வளர்ந்து, 1976இல் ஹவாயிலிருந்து தஹித்திக்கு, சுமார் 4,000 கிலோமீட்டர், கருவி எதுவுமின்றிப் பாய்மரப் படகுக்கு வழிகாட்டியது. யாப் தீவினர் தங்கள் கல்நாணயத்தைப் பலாவ் என்னும் தீவுகளில் வெட்டி, 400 கிலோமீட்டருக்கும் மேல் கடலில் கொண்டுவந்தார்கள். இவர்களையா தொடர்பற்றவர்கள் என்கிறீர்கள்? இவர்களுக்குக் கடல்தானே சாலை!

கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். படிக்க வந்த பிள்ளை நீங்கள், அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தச் சொற்கள் கொலைகாரச் சொற்கள். எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் சிறு பொட்டுகள் என்று எண்ணியதால்தான் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தத் துணிந்தது. மனிதகுலத்தின் நன்மைக்காக என்று சொல்லி, அங்கிருந்த பிகினித் தீவிலிருந்து 167 பேரைக் கப்பலேற்றினார்கள். அவர்கள் போன இடத்தில் உணவு போதவில்லை, பட்டினி கிடந்தார்கள்.

அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி எழுதுங்கள். நூல்பட்டியலை அதற்குப் பதிலாக அனுப்புகிறேன்.