திருகோணமலையில் இருந்துகொண்டு மலிவான காற்றடிக்கும் ஹொட் டப் வாங்கலாமா?

கேள்வியில் இரண்டே வரிதான் இருக்கிறது. நாலு பேர் இருக்கக்கூடிய காற்றடிக்கும் ஹொட் டப் (காற்றுச் சுவரும் ஹீட்டரும் உள்ள சுடுதண்ணீர்த் தொட்டி) ஒன்லைனில் மலிவாகக் கிடக்கிறது, திருகோணமலை வீட்டு முற்றத்தில் வைக்க வாங்கலாமா என்று. நீங்கள் எழுதாததையும் நானே ஊகித்துக்கொள்கிறேன்: வீட்டில் மூட்டு வலிக்காரர் ஒருவர் இருக்கிறார், வெளிநாட்டில் காசு அனுப்பக்கூடிய ஒருவர் இருக்கிறார். இல்லாவிட்டால் வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற இந்த ஊரில் யாருக்குச் சுடுதண்ணீர் ஆசை வரும்? பிழை என்றால் மன்னியுங்கள். எங்கள் வீட்டுக்கு அது அப்படித்தான் வந்து சேர்ந்தது.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. சனிக்கிழமைகளில் ஓட்டோ பிடித்து அவரைக் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போவேன். ஏழு கிணறும் ஏழு சூடு. அப்பாவுக்கென்று ஒரு கிணறு இருக்கிறது, அதை விட்டு வேறொன்றில் வாளியைப் போட மாட்டார். அரை மணித்தியாலம் முழங்காலில் ஊற்றிவிட்டு வந்தால் இரண்டு நாளைக்கு நடையில் ஒரு தெளிவு தெரியும். அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோன்றிய ஊற்று என்று சொல்லப்படுகிற இடம், எங்கள் சனம் செத்தவர்களின் அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிற இடம். "உயிரோட இருக்கிற மனுசனைக் கிழமைக்குக் கிழமை அங்க கொண்டுபோறாள்" என்று அண்ணாவுக்குப் போனில் முறையிட்டார். அண்ணா ஸ்கார்பரோவில் இருக்கிறார். "இனிக் கன்னியா வீட்டுக்கு வரும்" என்றார். இரண்டு மாதத்தில் பெட்டி வந்தது.

புதுசு இல்லை. அவர் தன் வீட்டுக்கு வாங்கி மடித்து வைத்திருந்தது. ஏன் மடித்து வைத்தார் என்பது பெட்டிக்குள் இருந்த கையேட்டை வாசித்தபோதுதான் விளங்கியது: வெளிக் காற்று 4 பாகைக்குக் கீழே போனால் பாவிக்கக் கூடாதாம். கனடாவில் குளிர்காலத்துக்கு உதவாத சாமான் கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. அண்ணாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. (அவர் இந்தத் தளத்தில் இல்லை, இருந்தாலும் பரவாயில்லை.)

மோட்டர்ப் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன வெள்ளித் தகடு ஒட்டியிருக்கும். நீங்கள் வாங்கப் போவதிலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். எங்களுடையதில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், ஹீட்டர் 1300 வாட் என்று இருந்தது. இங்கே கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே கொழுவினால் அதோடு முடிந்தது. கரண்ட் வேலை செய்கிற தம்பி ஒருவர், 1500 வாட் என்று எழுதியிருந்த ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்றை வாங்கி வந்தார். ட்ரான்ஸ்போமர் வோல்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் பம்ப் மோட்டர் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, தொண்டை கட்டினவர் மாதிரி முனகிக்கொண்டு ஓடியது. ஆனாலும் காற்று ஏறியது. முற்றத்து மணலை மட்டம் பார்த்து, படங்கு விரித்து, 800 லீட்டர் தண்ணீர் விட்டோம். கிணற்றுத் தண்ணீர் சவர், ஹீட்டரில் சுண்ணாம்பு படியும் என்று பைப் தண்ணீராகவே விட்டோம்.

கணக்கு இதுதான், யாராவது கேட்பீர்கள் என்று எழுதுகிறேன். 800 லீட்டரை ஒரு பாகை ஏற்ற ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். 29 பாகையில் இருக்கிற தண்ணீரை 39 ஆக்க ஒன்பது யூனிட்டுக்கு மேல், 1300 வாட்டில் ஏழு மணித்தியாலத்துக்கு மேல். அதுவும் சூடு வெளியே போகாமல் மூடி போட்டிருந்தால்தான். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற எங்கள் நாட்டு பில்லில் இதைக் கிழமைக்கு மூன்று தரம் செய்து பாருங்கள். வெள்ளைக்காரன் ஊரில் இது விளையாட்டுச் சாமானாக இருக்கலாம், இங்கே இன்னொரு குளிர்சாதனப் பெட்டியைவிடக் கூடக் கரண்ட் தின்னும்.

நாலாம் மணித்தியாலத்தில் ட்ரான்ஸ்போமர் எரிந்தது. ட்ரிப் சுவிட்ச் விழவேயில்லை. மணம் வந்து, அம்மா குசினியில் ஏதோ கருகுது என்று ஓடி, பிறகு முற்றத்தில் புகையைக் கண்டோம். 1500 என்று எழுதியிருந்தால் 1300-ஐ மணிக்கணக்காகத் தாங்கும் என்று நினைத்தது எங்கள் பிழை. இரண்டு மடங்காவது எடுத்திருக்க வேண்டும்.

தண்ணீர் 34 பாகைக்கு வந்திருந்தது. சரி, வந்த மட்டும் போதும், அப்பாவை இறக்குவோம் என்றார் என் கணவர். அப்போதுதான் ஒரு விசயம் எல்லோர் கண்ணுக்கும் பட்டது. தொட்டியின் சுவர் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, எழுபது சென்ரிமீற்றர் இருக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டோம். அப்பா ஒரு கையைச் சுவரில் ஊன்றினார். காற்றுச் சுவர் அல்லவா, கை புதைந்து போனது. சுவர் உள்பக்கம் வளைய, தண்ணீர் வழிந்து அவர் சாரத்தை நனைத்தது. என் கணவர் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். அப்பா இடக்காலைத் தூக்கினார், பாரம் முழுக்க வலது முழங்காலில் இறங்கியது, முகம் சுருங்கியது. இறங்கிக் கதிரையில் இருந்துகொண்டு தொட்டியை ஒருதரம் பார்த்தார்.

"பிள்ளை, இதுக்குள்ள ஏறக்கூடிய முழங்கால் இருந்தா எனக்கேன் இது?"

விளம்பரப் படங்களில் வயசானவர்கள் உள்ளே சிரித்துக்கொண்டு இருப்பார்கள். ஏறுகிற படம் ஒன்றையும் நான் காணவில்லை. படிக்கட்டு வாங்கலாமே என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: வாங்கலாம். ஏறின பிறகு மற்றப் பக்கம் இறங்கவும் வேண்டும், பிடிக்க அங்கேயும் காற்றுச் சுவர்தான். பிரஷருக்குக் குளிசை போடுகிறவர் என்றால் டொக்டரைக் கேட்காமல் 40 பாகைத் தண்ணீரில் இறக்கவும் வேண்டாம். வெளியே வந்து எழும்பும்போது தலை சுற்றி விழுந்தால் முழங்காலோடு இடுப்பும் போகும்.

பிறகு தொட்டி பிள்ளைகளிடம் போனது. ஐந்து நாள் கும்மாளம். பம்ப் ஓடவில்லை, பில்டர் வேலை செய்யவில்லை, குளோரின் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. இளையவனுக்குக் காற்சட்டை மூடின இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்தது. சுத்தம் செய்யாத இளஞ்சூட்டுத் தண்ணீரில் வளர்கிற கிருமி என்றார் டொக்டர். ஆறாம் நாள் காலை பார்த்தால் நுளம்புப் புழு நெளிகிறது. டெங்கு ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்? அவ்வளவு தண்ணீரையும் வாளி வாளியாய்த் தென்னைக்கு ஊற்றினேன்.

அண்ணா வீடியோவில் வந்து "அப்பா பாவிக்கிறாரோ?" என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன். "நீங்கள் ஒழுங்கா செட் பண்ணேல்லை" என்றார். இதுதான் எனக்கு ஆறாதது. பன்னிரண்டு வருசமாக மாதாமாதம் கிளினிக்குக்கு வரிசையில் நிற்பது நான். இரவில் தைலம் பூசுவது நான். சொந்தக்காரர் வந்தால் பேச்செல்லாம் "மகன் கனடாவில இருந்து என்னவோ அனுப்பினவராமே" என்றுதான். அதற்கு மேல் ஏதாவது வாய் திறந்தால் "வீடு உனக்குத்தானே சீதனமா எழுதினவை" என்று முடித்துவிடுவார்கள். கூரைத் தகடு மாற்றின கடன் யார் கட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. சரி, இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

மூட்டு வலிக்குத்தான் என்றால் இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். எங்கள் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி கூரைக்கு மேலே வெயிலில் நிற்கிறது. பகல் இரண்டு மணிக்குப் பைப்பைத் திறந்தால் சில நாள் கை வைக்கவே முடியாது. அதைப் பெரிய பேசினில் பிடித்து, பச்சைத் தண்ணீர் கலந்து, அப்பா கதிரையில் இருந்தபடி காலை வைத்துக்கொள்கிறார். நனைத்த துவாயை முழங்காலில் சுற்றிவிடுவேன். முழங்கால் வீங்கிச் சிவந்திருக்கிற நாட்களில் சூடு வைப்பதில்லை. சனிக்கிழமை கன்னியா பழையபடி தொடர்கிறது, அம்மாவின் முணுமுணுப்பும்தான்.

கெஸ்ட் ஹவுஸுக்கு என்றால் கதை வேறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருவது மே முதல் செப்டெம்பர் வரை, சரியாக ஊர் வேகிற காலம். மழை பெய்து சுடுதண்ணீர் இதமாக இருக்கிற மார்கழியில் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கும். யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் ஆட்களுமாக ஒரு தொன்னுக்கு மேல் வரும், மேல்மாடியில் வைக்கிற எண்ணம் இருந்தால் கட்டின மேசன் பாஸைக் கேட்காமல் வைக்காதீர்கள். தகட்டில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் கொழுவ வேண்டாம்.

இவ்வளவும் வாசித்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் காசை வீணாக்காதீர்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது. அலஸ்தோட்டத்துக்கு வந்து சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம். மூடியை மட்டும் கேட்காதீர்கள், அம்மா அதில் மோர்மிளகாய் காயப்போடுகிறார்.