மேல்மாடி வீட்டில் வெக்கை தாங்கவில்லை, கரண்ட் பில்லும் ஏறுகிறது. இடிக்காமல், கையைக் கடிக்காமல் என்ன செய்யலாம்? ஃபால்ஸ் சீலிங் போடலாமா, இல்லை நேராக சோலார் போட்டுவிடலாமா?

சோலார் போடலாம். ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். முதல் செலவு மொட்டை மாடித் தரைக்கு, அடுத்தது மேற்குச் சுவருக்கு, அப்புறம் ஃபேனுக்கு. இந்த வரிசை மாறினால், வெக்கை உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ள ஏசி ஓடும். அந்த ஏசிக்குக் கரண்ட் கொடுக்கத் தேவைக்கு மேல் பெரிய சோலார் வாங்கி வைப்பீர்கள். விற்பவருக்கு மகிழ்ச்சிதான்.

நான் மதுரைக்காரன். எங்களுடையதும் தொண்ணூறுகளில் கட்டிய, நாலு இஞ்சு கான்கிரீட் தளம் போட்ட வீடு. மாடியில் படுக்கும் அம்மா ஒவ்வொரு கோடையிலும் சொல்வது ஒன்றே ஒன்று: "ராத்திரி பதினோரு மணிக்கும் இந்த ஃபேன் அனலைத்தான்டா அள்ளிக் கொட்டுது." அம்மா சொல்வது சரிதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. நம் ஊரில் சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் அதிக வெயில் வாங்குவது சுவர் அல்ல, கூரை. கான்கிரீட் பகலெல்லாம் அதைக் குடித்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக உள்பக்கம் கக்குகிறது. சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள், மேல்சூடு வந்த குழந்தையின் நெற்றி மாதிரி இருக்கும். அதற்கு ஓர் அடி கீழே சுற்றுகிற ஃபேன் வேறு எந்தக் காற்றைக் கொடுக்கும்?

அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட்டைக் கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்தார்கள். கான்கிரீட் தளம் வந்த பிறகும் பல காலம் அந்தச் செங்கல் ஜல்லி அடுக்கையாவது மூன்று இஞ்சு போட்டு வந்தார்கள். வெதரிங் கோர்ஸ் என்று கொத்தனார்கள் சொல்வது அதைத்தான். இப்போது பல இடங்களில் காசு மிச்சம் என்று அதையும் விட்டுவிட்டு, தளத்தின் மேல் வெறும் சிமெண்ட் பூச்சோடு முடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் தட்டோடு இருக்கிறதா, வெறும் சிமெண்ட் தரையா என்று முதலில் பாருங்கள். வெறும் சிமெண்ட் என்றால் நீங்கள் செய்யப்போகும் வேலைக்குப் பலன் இன்னும் நன்றாகத் தெரியும்.

செலவில் குறைந்தது சுண்ணாம்புதான். வெள்ளைப் பரப்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், அவ்வளவுதான் விஷயம். 2010 கோடையில் வெப்ப அலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு அகமதாபாத்தில் ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல இருந்தாலும் வேலை என்னவோ நம் தாத்தா காலத்து வெள்ளையடிப்புதான்.

எப்படி அடிப்பது என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "சுண்ணாம்பு அடித்தோம், ஒரே மாதத்தில் காலில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது" என்று சொல்பவர்கள் அதிகம். கல் சுண்ணாம்பு வாங்கி முதல் நாள் சாயங்காலமே இரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றித் தாளிக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கும், தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி தாங்காது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலக்க வேண்டும். அதற்கு முன் தரையில் உள்ள பாசியைச் சுரண்டிக் கழுவி, வெடிப்பு இருந்தால் அடைத்துவிடுங்கள். அடிக்கும்போது தரை ஈரமாக இருக்க வேண்டும், வெயில் இருக்கக் கூடாது. இதுதான் முக்கியம். உச்சி வெயிலில் அடித்தால் தண்ணீர் உடனே வற்றி வெறும் மாவாக நிற்கும், துடைப்பம் பட்டாலே போய்விடும். மெதுவாகக் காய்ந்தால்தான் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாக இறுகும். முதல் கோட் நீளவாக்கில், இரண்டாவது கோட் குறுக்குவாக்கில், இரண்டும் தண்ணியாக. கெட்டியாக ஒரே கோட் அடித்தால் செதிள் செதிளாக உரியும்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மூலையில் பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் அடித்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் ஒரு காலை அதிலும் ஒரு காலைப் பக்கத்துத் தரையிலும் வைத்துப் பாருங்கள். வேறு ஆராய்ச்சி தேவைப்படாது.

இதன் குறை, வருடா வருடம் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை பாதியைக் கழுவிவிடும், மீதியைத் தூசி மூடிவிடும். மாசியில் அடித்தால் கோடை முழுக்க நிற்கும். மாடித் தண்ணீர் சம்புக்குப் போகிற வீடு என்றால் முதல் மழைத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள். வருடா வருடம் மெனக்கெட முடியாது என்பவர்கள் குளிர்கூரை பெயிண்ட் அடிக்கலாம், அதையும் விட நீடிக்க வேண்டுமென்றால் வெள்ளை கூலிங் டைல்ஸ். பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருக்கிறதா பாருங்கள். வெயிலில் பரப்பு எவ்வளவு சூடேறாமல் இருக்கும் என்று காட்டும் எண் அது, 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. அந்த எண்ணே இல்லாத வெள்ளை பெயிண்ட்டைக் கூலிங் பெயிண்ட் என்று விற்றால் வாங்காதீர்கள். இன்னொன்று, எது அடித்தாலும் வெயிலில் கண் கூசும். எதிர்வீட்டு மாடி உங்களைவிட உயரம் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஃபால்ஸ் சீலிங் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அழகுக்கு என்றால் போடுங்கள். வெக்கைக்கு என்றால் என் ஓட்டு கிடையாது. தளம் சூடேறிய பிறகு உள்ளே மறைப்பு கட்டுவதைவிட, தளத்தைச் சூடேறவே விடாமல் இருப்பது மலிவு. போதாததற்கு, ஏற்கெனவே தாழ்வான சீலிங் இன்னும் அரை அடி இறங்கும், எலி குடிவந்தால் விரட்டவும் முடியாது. மாடியில் தகர ஷீட் கொட்டகை போடுவதும் பலன் தரும், கொட்டகைக்கும் தரைக்கும் நடுவே காற்று ஓடினால். நான்கு பக்கமும் அடைத்து அறையாக்கினால் அது அடுப்பு. கீற்றுக் கொட்டகை எல்லாவற்றையும்விடக் குளிர்ச்சி, ஆனால் தீபாவளி ராக்கெட்டை நினைத்தால் எனக்குத் தைரியம் வரவில்லை.

மேற்குச் சுவர். கூரைக்கு அடுத்த எதிரி இதுதான். சாயங்கால வெயில் சாய்வாக வருவதால் ஜன்னல் சன்ஷேடு இரண்டடி இருந்தாலும் உதவாது. வெயில் சுவரில் படாமலே தடுக்க வேண்டும். ஒன்றரை அடி தள்ளி ஜி.ஐ. பைப் நட்டு நிழல்வலை கட்டினாலே போதும்; பாகலோ அவரையோ ஏற்றிவிட்டால் குழம்புக்கும் ஆயிற்று. இடம் இருந்தால் ஒரு புங்க மரம் வையுங்கள், ஆனால் அடித்தளத்தை ஒட்டி வேண்டாம். ஜன்னலுக்கு உள்பக்கம் தடித்த திரை போடுவதைவிட வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுவது நல்லது, ஏனென்றால் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் உள்ளேயே தங்கிவிடும்.

இவ்வளவும் செய்தபிறகு பில்லுக்கு வாருங்கள். கணக்குப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் நம் ஊர்க் கட்டண அடுக்கு. 2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். அதோடு விடுவதில்லை, கீழே கிடைத்த 2.35 சலுகையும் பறிபோகும். 490-க்கும் 510-க்கும் நடுவே இருக்கிற அந்த 20 யூனிட் பில்லில் போடுகிற குதிப்பைப் பார்த்தால் புரியும். ஆகவே 500-ஐ ஒட்டி நிற்கிற வீடுதான் மிச்சம் பிடிப்பதில் அதிக லாபம் அடையும்.

குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் சுமார் 75 வாட், இது சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் பழையது இரண்டு மாதத்துக்கு 72 யூனிட் தின்னும், புதியது 29. மிச்சம் 43 யூனிட். நீங்கள் 500-க்கு மேலே இருப்பவர் என்றால் அது ஒரு பில்லுக்கு 350 ரூபாயை ஒட்டி வரும். மூவாயிரம் ரூபாய் ஃபேன் ஒன்றரை வருடத்தில் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு அதே 43 யூனிட் வெறும் நூறு ரூபாய். அவருக்கு அதே பணம் திரும்ப ஐந்து வருடம் ஆகும். அதனால் எல்லா ஃபேனையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஹாலிலும் படுக்கையறையிலும் இருப்பதை மட்டும் மாற்றுங்கள், விருந்தாளி அறையில் இருப்பது துருப்பிடிக்கும் வரை ஓடட்டும். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள், இந்த ஃபேனுக்கு அது ஆகாது. ரிமோட்டை எங்கே வைத்தோம் என்று தினமும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும், அதற்கு என்னிடம் தீர்வு இல்லை. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு நன்மை: கரண்ட் போனால் அதே பேட்டரியில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும்.

புது ஃபிரிட்ஜ் வாங்கும் முன் ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பழைய ஃபிரிட்ஜின் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட், அதாவது கதவோர ரப்பர், போய்விட்டது, குளிர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். கேஸ்கெட் மாற்றச் சில நூறு ரூபாய்தான். சுவரை ஒட்டித் தள்ளி வைத்திருந்தால் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

ஏசி இல்லாமல் முடியாது என்றால் வாங்குங்கள், அதில் தப்பில்லை. ஆனால் லேபிளில் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் கீழே உள்ள யூனிட் எண்ணைப் பாருங்கள். அது வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு, இரண்டு மாடல்களை நேருக்கு நேர் ஒப்பிட உதவும். கடையில் "பழைய ஸ்டாக், அதே 5 ஸ்டார்தான்" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதே 5 ஸ்டார் இல்லை. 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது பழைய 5 எல்லாம் 4 ஆனது. 24 டிகிரியில் வைத்துக்கொண்டு ஃபேனையும் ஓடவிட்டால் போதும். வெள்ளை அடித்த தளத்துக்குக் கீழே இருக்கிற ஏசி கம்ப்ரஸருக்கும் ஓய்வு அதிகம் கிடைக்கும்.

சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றி ஒரு வரிதான்: கோடையில் நம் ஊர் டேங்கில் வருகிற தண்ணீரே குளிக்க முடியாத சூடு. மார்கழிக்காக மட்டும் என்றால் மதுரையில் அவசியம் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்றால் கதை வேறு.

இப்போது சோலார். மேலே சொன்னதைச் செய்து ஒரு கோடை பார்த்த பிறகும் 500-க்கு மேலேயே நிற்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஒரு கிலோவாட் தினம் சுமார் 4 யூனிட் தரும், நிழல் விழாத நூறு சதுர அடி இடம் கேட்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். மூன்றுக்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் அதேதான், அதனால் "அஞ்சு கிலோவாட்டா போட்டுருங்க சார்" என்று சொல்கிறவரிடம் உங்கள் பழைய ஆறு பில்லையும் காட்டி, எதற்கு ஐந்து என்று கேளுங்கள். 300 யூனிட் வீட்டுக்கு, கிடைக்கிற சலுகை விலையில், சோலாரில் போட்ட பணத்தை எடுக்கவே நெடுநாள் ஆகும். போடுவது என்று முடிவானால் தளத்தில் துளை போட்டு ஸ்டாண்டை இறுக்க விடாதீர்கள், அடுத்த ஐப்பசியில் அந்தத் துளை வழியாகத்தான் ஒழுகும். கனமான கான்கிரீட் கட்டைகளில் நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் டேங்கின் நிழல் பேனல் மேல் விழுகிறதா என்று காலையிலும் சாயங்காலமும் நீங்களே மேலே ஏறிப் பார்த்துவிடுங்கள், சர்வே எடுக்க வருபவர் மதியம்தான் வருவார். பேனல் மூடுகிற தரைக்கு நிழல் இலவசமாகக் கிடைத்துவிடும், அதன் அடியில் சுண்ணாம்பு வேண்டாம்.

மேலே இன்னொரு தளம் எழுப்புகிற எண்ணம் இருந்தால் இப்போது டைல்ஸிலோ சோலாரிலோ பணம் போடாமல் சுண்ணாம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் புதுத் தளத்தைக் கட்டும்போது இரண்டு விஷயங்களைக் கொத்தனாரிடம் கேளுங்கள். ஒன்று, கேரளத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைச் செங்குத்தாக வைத்து நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. செங்கல் கால்வாசி மிச்சமாகும், பொந்திலிருக்கும் காற்று சூட்டையும் தடுக்கும். பழகாத கொத்தனார் "அதெல்லாம் நிக்காது சார்" என்பார். அவரை வற்புறுத்த வேண்டாம், தெரிந்தவரைத் தேடுங்கள். இரண்டாவது, படிக்கட்டையும் பாத்ரூமையும் மேற்குப் பக்கம் தள்ள முடியுமா என்பது. இதற்குச் செலவே இல்லை, பிளான் போடுகிற அன்றைக்குக் கேட்டால் போதும்.