வாசகர் கேள்வி – பதில்: வெப்பமில்லாத நிலைமாற்றம்

கேள்வி: பனிக்கட்டி உருகுவதும் நீர் கொதிப்பதும் வெப்பத்தால். தனிப்பூச்சியத்துக்குக் கிட்டக் குளிர்ந்த அணுக்களில் ‘குவாண்டம் நிலைமாற்றம்’ நடக்கிறதாமே, அங்கே மாற்றுவது எது?
— உயர்தர மாணவி, கல்முனை

பதில்: லேசரின் செறிவு. ஜேர்மனியின் மியூனிக்கில் இயற்பியலாளர்கள் புளொக், கிரைனர் குழுவினர் இதைச் செய்துகாட்டி 2002இல் வெளியிட்டார்கள். சுமார் 2 இலட்சம் ருபீடியம்-87 அணுக்களைப் போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கமாக்கி (எல்லா அணுக்களும் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்த குளிர்வாயுவாக்கி), 852 நானோமீற்றர் லேசர் கதிர்களை மூன்று திசைகளிலும் தெறிக்கவிட்டு நின்ற அலைகளை உண்டாக்கினார்கள். ஒளி செறியும் இடமெல்லாம் அணுவுக்கு ஒரு குழி. குழிக்குக் குழி இடைவெளி 426 நானோமீற்றர்.

குழியின் சுவரைத் தாண்டச் சக்தி போதாவிட்டாலும், குவாண்டம் விதிப்படி அணு பக்கத்துக் குழிக்குத் துளைத்துப் பாயும். ஒரே குழியில் சேர்ந்த அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும். லேசரைக் கூட்டிக் குழியை ஆழமாக்கினால் பாய்ச்சல் வெகுவேகமாகக் குறைகிறது, தள்ளுகை கொஞ்சம் கூடுகிறது. குழிக்கு ஓர் அணு என்றால், சராசரிப் புலக் கணிப்பின்படி தள்ளுகைச் சக்தி பாய்ச்சற் சக்தியைப்போல் ஏறத்தாழ 35 மடங்காகும்போது நிலை மாறும். அதுவரை ஒவ்வோர் அணுவும் எல்லாக் குழிகளிலும் பரவிக் கிடக்கும் மீபாய்மம்; அதற்கு மேல், குழிக்கு இத்தனை என்று எண்ணிக்கை இறுகி, அணுக்கள் இடம்மாற முடியாத மொட் காவலி.

கேள்வி: அணுக்களை விடுவித்துப் படமெடுத்தால் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரிய புள்ளிகளாகத் தலையீட்டுக் கோலம் தெரியும்; காவலியானதும் அது மறைகிறது என்கிறார்கள். அணுக்கள் சூடேறினாலும் மறையுமே?
— ஆசிரியர், மட்டக்களப்பு

பதில்: மறையும். ஆகவே ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. செறிவைத் திரும்ப இறக்கிப் பார்க்க வேண்டும். மியூனிக்கில் 80 மில்லிசெக்கனில் மெல்ல ஏற்றினார்கள். இறக்கியபோது ஏறத்தாழ 4 மில்லிசெக்கனிலேயே கூரிய புள்ளிகள் திரும்பின. வேண்டுமென்றே அவத்தையைக் (அலைகளின் ஒத்திசைவைக்) குலைத்த அணுக்களில் அவை திரும்பவில்லை. சூடேறல் மீளாது, இந்த மாற்றம் மீளும்.

அவசரமாக ஏற்றினால் அணுக்கள் மேற்சக்திப் பட்டைக்குத் தாவிவிடும். லேசரைத் தெறிக்கவிடும் ஆடி (கண்ணாடி) அதிர்ந்தாலும் லேசரின் செறிவு தளம்பினாலும் சூடேறும். ருபீடியம் ஒளியை உறிஞ்சும் 780 நானோமீற்றரிலிருந்து விலகி 852ஐத் தெரிந்தெடுத்ததும் சூடேறலைக் குறைக்கத்தான்: அணு சிதறடிக்கும் ஒளி குறையும்.

கேள்வி: இதை வீட்டுக் கணினியில் கணித்துப் பார்க்க முடியுமா?
— பல்கலைக்கழக மாணவர், அக்கரைப்பற்று

பதில்: தாராளமாக. வளையமாக 8 குழிகள், 8 அணுக்கள் எடுங்கள், அணுக்களைக் குழிகளில் பங்கிடும் வழிகள், அதாவது நிலைகள், 6435தான். பத்துக்குப் பத்து என்றால் 92,378 ஆகும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு 13 இலட்சத்தைத் தாண்டும், நினைவகம் திணறத் தொடங்கும். இந்நிலைகளுக்கிடையிலான சக்தி அணியில் (ஹமில்ட்டோனியன்) பூச்சியமல்லாத உறுப்புகளை மட்டும் சேமித்து, மிகக் குறைந்த சக்தியுள்ள அடிநிலையைக் கண்டுபிடியுங்கள். ஒரு குழியின் அணு எண்ணிக்கையின் மாறற்றிறன் (சராசரியிலிருந்து விலகலின் வர்க்கத்தின் சராசரி) தள்ளுகை இல்லாதபோது 0.875, தள்ளுகை ஏற ஏற அது பூச்சியத்தை நோக்கி இறங்கும். சிறிய வளையத்தில் திடீர் மாற்றத்தைத் தேடாதீர்கள், படிப்படியாகத்தான் தெரியும். ஒற்றைப் பரிமாணத்தில் நிலை மாறும் தள்ளுகை–பாய்ச்சல் விகிதமும் 35 அல்ல, 3.4க்கு அருகே.

பலர் சறுக்குவது பாய்ச்சல் உறுப்பின் வர்க்கமூலக் காரணியில் (குழிகளிலுள்ள அணு எண்ணிக்கையைப் பொறுத்து வரும் பெருக்கி). முதலில் 2 குழி, 2 அணு, பாய்ச்சல் 1, தள்ளுகை பூச்சியம் என்று ஓட்டுங்கள். அடிநிலைச் சக்தி −2 வர வேண்டும். −1.41 வந்தால் வர்க்கமூலம் விடுபட்டிருக்கிறது.